வாசலோரக் கட்டில்

காலையில் பழைய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டுக்குள் கயிறும் துண்டுமாக நுழைந்த சுமைகூலிகள் ஆறு பேர். அதில் ஐந்து பேருக்கு அது வெறும் வேலை. ஆறாவது ஆளான கொக்கிக்கு மட்டும், தூக்க வேண்டிய பன்னிரண்டு கட்டில்களில் ஒன்றில் பெண்டாட்டி படுத்திருந்தாள்.

மூட்டை குத்தி இழுக்கும் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே அலைந்ததில் ஆளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பன் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பான். பெண்டாட்டிக்குக் கர்ப்பப்பையை எடுத்து நான்கு நாள் ஆகிறது. இருமல் வந்தால் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாதி இருமலோடு நிறுத்திக்கொள்கிறாள். அவளை எழுப்பித் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்துவிட்டு, அவள் கட்டிலை அவள் புருஷனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

புது ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையைத் தாண்டி இருந்தது. கொஞ்ச வருடம் முன்பு வரை அந்தப் பக்கம் முள்ளும் புதரும்தான். தொழிற்சாலை வந்தது. அதன் பின்னால் அடுக்குமாடி வந்தது, அடுக்குமாடியின் பின்னால் தகரக் கொட்டகைகள் வந்தன. ஜனம் ஈசல் மாதிரிப் பெருகிப்போனது. ஆனால் ஒரு காய்ச்சல் என்றால் இரண்டு பஸ் மாறி இந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து விழ வேண்டும். அரசாங்கம் ஒருவழியாக மனசு வைத்து அங்கே மூன்று மாடி எழுப்பிவிட்டது. கட்டடம் வந்தது, திறப்பு விழாவுக்கு மந்திரியின் தேதியும் வந்துவிட்டது. கட்டில்தான் வரவில்லை. வெறும் தரையைக் காட்டி மந்திரியைக் கைதட்டச் சொல்ல முடியுமா? அதனால்தான் இந்த இரவல்.

"ஒரு பகல் பொழுதுதானேப்பா. விழா முடிஞ்சதும் அதே லாரியில திரும்ப வந்துடும். இருட்டறதுக்குள்ள அவங்கவங்க கட்டில் அவங்கவங்களுக்கு," என்றார் நிர்வாக அலுவலர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'ஆபீசர்' என்றுதான் பெயர்.

"சார், அந்த ஜன்னல் பக்கத்துக் கட்டிலை மட்டும் விட்டுடலாமே. ஆபரேஷன் பண்ணின உடம்பு," என்றான் கொக்கி.

"மத்தவங்க எல்லாம் வேடிக்கை பார்க்கவா வந்து படுத்திருக்காங்க? தூக்குப்பா."

கூலிகளின் மேஸ்திரி கொக்கியின் காதில் வந்து சொன்னார். "நீ தூக்கலேன்னா வேற எவனாவது தூக்குவான். தரதரன்னு இழுத்துட்டுப் போவான். உன் கையால போனா திரும்பவாவது வரும்."

அது சரியாகத்தான் பட்டது. கொக்கி பெண்டாட்டியின் கக்கத்தில் கை கொடுத்து எழுப்பினான். நெல்லு மூட்டையை அனாயாசமாக முதுகில் ஏற்றுகிற கைக்கு இந்த எடை பிடிபடவில்லை. எங்கே பிடித்தாலும் அவள் முகம் சுளித்தாள்.

"ஊர்ல உள்ளவன் சரக்கை எல்லாம் பத்திரமா இறக்கறீங்க. என் கட்டிலைத் தொலைச்சுட்டு வந்து பல்லைக் காட்டாதீங்க," என்றாள் பாயில் சரிந்தபடி.

"இருட்டறதுக்குள்ள கொண்டு வந்துடறேன்."

"கொண்டு வருவீங்க. கல்யாணத்தப்போ வாங்கித் தரேன்னு சொன்ன கட்டிலே இன்னும் வந்துக்கிட்டு இருக்கு."

பக்கத்துப் பாய்க்காரிகள் வலியோடு சிரித்தார்கள்.

கொக்கி தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கட்டிலின் காலில் இறுக்கிக் கட்டினான். சிவப்புத் துண்டு, தூரத்திலிருந்தே தெரியும். லாரியில் ஏற்றும்போது அதைக் கடைசியாக ஏற்ற வேண்டும் என்று அடம்பிடித்தான். உள்ளே போனால் மற்ற பதினொன்றும் அதன்மேல் இடிக்கும், கால் வளையும், சக்கரம் பிடுங்கிக்கொள்ளும். உடையக்கூடிய சரக்கைக் கடைசியாக ஏற்றி முதலாவதாக இறக்குவது அவர்கள் வேலையில் வழக்கம். யோசிக்கவே வேண்டாம், கை தானாகச் செய்யும். பாட்டில் பெட்டிக்கும் கண்ணாடிக்கும் அது சரி. இன்றைக்கு இறக்குமிடத்தில் என்ன நடக்கும் என்று அவன் யோசிக்கவில்லை.

புது ஆஸ்பத்திரியில் லாரி போய் நின்றதும் முதலில் இறங்கியது சிவப்புத் துண்டுக் கட்டில். முதலில் இறங்கியதை வார்டு வாசலை ஒட்டிப் போடச் சொன்னார் ஆபீசர். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக உள்ளே போயின. வாசலோரமாக இருப்பது நல்லதுதான், கண்ணிலேயே இருக்கும் என்று கொக்கி திருப்திப்பட்டுக்கொண்டான். ஆபீசர் வந்து, "என்னய்யா இது கோமணம் மாதிரி?" என்று துண்டை அவிழ்த்து வீசினார். கொக்கி அதைப் பொறுக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

விழா முடியும் வரை கேமராவில் விழக்கூடாது என்று கூலிகளைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியோரம் அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் நிழலில் சாய்ந்தார்கள். கொக்கிக்கு உட்கார முடியவில்லை. தொட்டியைச் சுற்றினான். சுவரோரம் போனான், வந்தான். ஒலிபெருக்கியில் ஒருவர் முடித்தால் இன்னொருவர் ஆரம்பித்தார். வளர்ந்து வரும் பகுதி, வளர்ந்து வரும் பகுதி என்றே எல்லோரும் பேசினார்கள்.

"டேய், நீ சுத்தற சுத்துல எனக்குத் தலை சுத்துது. உட்காரு," என்றார் மேஸ்திரி.

"இவங்க வாயை மூடவே மாட்டாங்களா அண்ணே?"

"வாயை மூடறவன் எதுக்குடா மந்திரியாகிறான்?"

போன் அடித்தது. பெண்டாட்டி. "பாத்ரூம் தண்ணி பாய் கிட்ட வந்துடுச்சு. கட்டில் கிளம்பிடுச்சா?"

"கிளம்பப் போகுது."

"உங்க கிளம்பப் போகுதுதான் எனக்குத் தெரியுமே." வைத்துவிட்டாள்.

ஒருவழியாகக் கைதட்டல் கேட்டது. ரிப்பன் வெட்டியாயிற்று. மந்திரி வாசலோரக் கட்டிலின் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, நாமே படுத்துக்கலாம் போல," என்றாராம். கார்கள் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. ஆபீசரும் அந்தப் புழுதியிலேயே ஒரு காரில் தொற்றிக்கொண்டு போனார். மேஸ்திரி கூப்பிட்டுப் பார்த்தார், போனை எடுக்கவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு புது ஆம்புலன்ஸ் மட்டும் மூக்கில் ரிப்பனோடு வாசலில் நின்றது.

கடைசிக் கார் போகிற வரை கூலிகளை முன்பக்கம் விடவில்லை. விட்டதும் கொக்கி முதல் ஆளாக வார்டுக்குள் ஓடினான். உள்ளே இருக்கிற கட்டில்களைத் தூக்கச் சொல்லிப் பின்னால் வந்தவர்களுக்குக் கத்திக்கொண்டே வந்தவன், வாசலோரக் கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

அதில் ஒரு பெண் படுத்திருந்தாள். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி. கையில் ஊசி. பக்கத்தில் அவள் புருஷன், சிமெண்ட் படிந்த சட்டை, ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டி குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டும் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

"இது யாரு? இந்தக் கட்டில் போகணும்," என்றான் கொக்கி.

"எங்க போகணும்?" நர்ஸ் திரும்பினாள். சின்னப் பெண், இன்றுதான் வேலையில் சேர்ந்தவள். "விடியக்காலையிலேருந்து வாந்தியும் பேதியும். மந்திரி வெளியே போன கையோட தூக்கிட்டு ஓடி வந்தாரு. வாசல்லயே ஒரு கட்டில் இருந்தது, போட்டோம்."

"சிஸ்டர், இதெல்லாம் விழாவுக்குக் கொண்டு வந்தது. சும்மா காட்டறதுக்கு."

"வியாதிக்கு அது தெரியல அண்ணா."

புருஷன்காரன் பயந்துபோய்ப் பார்த்தான். "ரிப்பன் வெட்டினா திறந்த மாதிரிதானே? திறந்துட்டாங்கன்னுதானே வந்தேன்?"

கொக்கிக்கு அவனை அறையலாம் போல இருந்தது. வார்டில் இன்னும் பதினொரு கட்டில் காலி. உள்ளே இரண்டு எட்டு நடந்திருந்தால் வேறு எவள் கட்டிலிலாவது போட்டிருப்பான். வாசலில் எந்தக் கட்டில் இருக்கிறதோ அதில்தான் ஓடி வருகிறவன் போடுவான். அதை வாசலில் கொண்டு வந்து போட்டது யார்? நான்தான், கடைசியாக ஏற்று கடைசியாக ஏற்று என்று அடம்பிடித்த இந்த மண்டையன்தான்.

"அவங்களைப் பக்கத்துக் கட்டிலுக்கு மாத்துங்க."

"அதையும் உங்காளுங்க தூக்கிட்டுப் போறாங்களே. எங்க மாத்தறது?"

திரும்பினால், ஆமாம், பக்கத்துக் கட்டிலின் இரண்டு முனையிலும் ஆள் நின்றது.

புருஷன்காரனின் தூக்கிய கை வலித்துத் தாழ்ந்தது. பாட்டில் இறங்க, குழாயில் ரத்தம் ஒரு விரற்கடை மேலே ஏறியது. "மேலே பிடிங்க, மேலே பிடிங்க!" என்று நர்ஸ் கத்தினாள். கொக்கியின் கை தானாகப் போய்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டது. சுமை சரிந்தால் கை போகத்தான் செய்யும்.

"ஒரு நிமிஷம் அண்ணே, காலையிலேருந்து மூத்திரம் கூடப் போகல," என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான்.

போனவன் வரவில்லை. கொக்கி பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். சொட்டுச் சொட்டாக இறங்கியது. இதை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, இவளை உருட்டிவிடவும் முடியாது. கண்ணெதிரே மற்ற கட்டில்கள் அவனைக் கடந்து வெளியே போயின. யார் யாருடைய கட்டிலோ கிளம்பிவிட்டது. அவனுடையது மட்டும் அவன் காலடியிலேயே கிடந்தது.

வெளியே திடீரென்று சத்தம் கிளம்பியது. மேஸ்திரி வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். "டேய், லாரியை மறிச்சுட்டாங்கடா! ஆஸ்பத்திரியைத் திருடிட்டுப் போறோமாம். நீ என்னடா இங்க தீபம் பிடிச்ச மாதிரி நிக்கிற?"

"இதைக் கொஞ்சம் பிடிங்க அண்ணே." பாட்டிலை மேஸ்திரி கையில் திணித்துவிட்டு ஓடினான்.

வாசலில் குடியிருப்பு ஜனம் திரண்டிருந்தது. லாரியின் முன்சக்கரத்துக்கு முன்னால் தொழிற்சாலைச் சீருடையோடு ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வந்தவள் போல.

"எங்க ஆஸ்பத்திரிக் கட்டிலை எங்கய்யா ஏத்தறீங்க? எத்தனை வருஷமா அண்ணாந்து பார்த்துட்டு இருக்கோம், தெரியுமா?"

"அக்கா, இது உங்க கட்டில் இல்ல. அதுல ஒண்ணு என் பெண்டாட்டி கட்டில்!"

"ஏன், சீதனமாக் கொண்டு வந்தாளா?"

கூட்டம் சிரித்தது. கொக்கி கத்தினான். "சிரிங்க! பழைய ஆஸ்பத்திரியில பன்னிரண்டு பேரைத் தரையில உருட்டி விட்டுட்டுத்தான் இதைத் தூக்கிட்டு வந்தோம். வயித்தைக் கிழிச்சுத் தைச்சவ ஈரத் தரையில கிடக்கறா. நான்தான் தூக்கினேன், இந்தக் கையாலதான். இருட்டறதுக்குள்ள கொண்டு வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

சிரிப்பு நின்றது. ஆனால் காலை நீட்டியவள் காலை மடக்கவில்லை. "உன் பெண்டாட்டி பாவம்தான். அதுக்காக? நாளைக்கு என் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் எந்தத் தரைக்குப் போறது?"

அந்த நேரம் பார்த்துக் கொக்கியின் போன் அடித்தது.

"கிளம்பிடுச்சா?"

"இல்ல." இந்த முறை பொய் வரவில்லை. "உன் கட்டில்ல ஒரு பொம்பளை படுத்திருக்கா. பேதி. பாட்டில் ஏறிட்டு இருக்கு. மத்த கட்டிலை எல்லாம் ஊர் ஜனம் மறிச்சு வெச்சிருக்கு."

"பிழைப்பாளா?"

"பிழைப்பா போலத்தான் இருக்கு."

"அவளை எழுப்பித் தொலைச்சுடாதீங்க. பாவம் பிடிச்சுக்கும்." பாதி இருமல் ஒன்று வந்து நின்றது. "ஆனா நான் இந்தத் தரையில ராத்திரி படுக்க மாட்டேன். சொல்லிட்டேன். பாய் நனைஞ்சாச்சு."

இரண்டையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஒன்றைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

கொக்கி இந்தப் பக்கம் லாரியைப் பார்த்தான், அந்தப் பக்கம் வார்டைப் பார்த்தான். ரிப்பன் கட்டிய ஆம்புலன்ஸின் டிரைவர் கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கொக்கி சட்டென்று உள்ளே ஓடினான். புதிதாக வந்த டாக்டரம்மா மேஜை இல்லாத அறையில் நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா, கட்டிலை எல்லாம் திரும்ப இறக்கிப் போடறோம். அங்க தரையில கிடக்கறவங்களை இங்க கொண்டு வந்தா பார்ப்பீங்களா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னை யாருப்பா அனுப்பினது? உங்க ஆபீசரா?"

"அவரு போனை எடுக்கல."

"அங்கே ட்யூட்டி டாக்டர் என் கூடப் படிச்சவர்தான். பேசறேன். நாளைக்கு உங்க ஆபீசர் என்னைக் கேட்டா?"

"கட்டில் திரும்ப வரலேன்னு என்னையும்தான் கேட்பாரு. சேர்ந்து திட்டு வாங்குவோம் டாக்டரம்மா."

அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் பேசினாள், கொஞ்ச நேரம் கேட்டாள். "ஒரு தடவைக்கு ரெண்டு பேர். நகர்த்தக்கூடிய ஆளுங்களா அவர்தான் பார்த்து அனுப்புவார். அவர் வேண்டாம்னா வேண்டாம், சண்டை போடக்கூடாது. டிரைவர்கிட்ட நான் சொல்றேன்."

முதலில் யாரைக் கொண்டு வருவது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொக்கி வெட்கமில்லாமல் பெண்டாட்டியைத்தான் சொல்லியிருப்பான்.

கொக்கி வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் கட்டில்கள் லாரியிலிருந்து மறுபடி இறங்க ஆரம்பித்தன. காலை நீட்டியவள் எழுந்து சீருடையை உதறிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தாள். தூக்கத் தெரியவில்லை, ஆனால் விடவும் இல்லை. மேஸ்திரி உள்ளேயிருந்து, "எவனாவது வந்து இந்தப் பாட்டிலை வாங்குங்கடா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கொக்கி ஆம்புலன்ஸ் முன்சீட்டில் ஏறினான். சீட்டில் பிளாஸ்டிக் உறை கிழிக்காமல் இருந்தது. உட்கார்ந்தால் சறுக்கியது. நெடுஞ்சாலையில் வண்டிகள் மூட்டை அடுக்கின மாதிரி நெருக்கிக்கொண்டு நின்றன. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அவனுக்குக் கால் நிற்கவில்லை, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தான்.

"சைரன் போடுப்பா."

"உள்ளே பேஷண்ட் இல்லாமப் போடக்கூடாது."

"நான் பேஷண்ட்தான். போடு."

பெண்டாட்டிக்குப் போன் போட்டான். ஒரே மணியில் எடுத்தாள்.

"கட்டில் வருதா?"

"கட்டில் வரல. நீதான் கட்டிலுக்கு வரணும். டாக்டர் வந்து பார்ப்பாரு. போகலாம்னு சொன்னா, மெதுவா எழுந்து உட்காரு."

"நடந்தா?"

"வண்டி வருது."

"வண்டி வருதா, வரப் போகுதா?"

முன்னால் ஒரு பஸ் அசையாமல் நின்றது. கொக்கி கண்ணாடியை இறக்கி, உடம்பைப் பாதி வெளியே நீட்டி, தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவிச் சுழற்ற ஆரம்பித்தான்.