விருந்துக்காக மறைத்த தட்டம்மை

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் முன்னே பின்னே சொன்னால், இந்த மெலிசுக்குப் புத்தி குழம்பிவிட்டது என்று சதிர்பெக் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

சதிர்பெக் என் தங்கை புருல்சாவின் கணவனுக்கு அண்ணன். தம்பிக்காரன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருப்பதால், எங்கள் ஊர் அத்-பாஷியில் அந்த வீட்டுக்கு இவன்தான் பெரியவன். மாட்டை விற்பதா வேண்டாமா என்பதிலிருந்து பிள்ளைக்கு ஊசி போடுவதா வேண்டாமா என்பதுவரை இவன் வைத்ததுதான் சட்டம். தடுப்பூசி போட வந்த நர்சை வாசலோடு திருப்பி அனுப்பியவனும் இவன்தான். அதனால் என் தங்கை மகள் அய்சிரெக், ஐந்து வயதாகியும் ஓர் ஊசிகூடப் போடாமல் வளர்ந்தாள்.

இந்த வசந்தத்தில் ஊருக்குள் தட்டம்மை வந்தது. அதே சமயத்தில் சதிர்பெக் தன் பேரனுக்குக் கால்கட்டு அறுக்கும் விருந்துக்கு நாள் குறித்திருந்தான். நடக்கத் தொடங்கிய பிள்ளையின் கால்களைக் கறுப்பு வெள்ளை நூலால் பிணைத்து, ஊர்ப் பிள்ளைகளை ஓடவிட்டு, முந்தி வரும் பிள்ளையின் கையால் நூலை அறுக்க வைப்போமே, அதுதான். வெட்டுவதற்குக் குதிரையும் வாங்கிக் கட்டியாகிவிட்டது. அப்போது பார்த்து அய்சிரெக்குக்குக் காய்ச்சல் வந்தது. கண்கள் சிவந்தன. காதோரத்தில் தொடங்கிய தடிப்பு உடம்பெல்லாம் இறங்கியது.

தட்டம்மை கண்ட வீட்டு ஜன்னலில் சிவப்புத் துணி கட்டினால் எங்கள் பக்கத்தில் எந்த மனிதரும் உள்ளே கால் வைக்க மாட்டார். சதிர்பெக் துணியைக் கட்டவிடவில்லை. பிள்ளையைப் பின்னறையில் படுக்க வைத்து, கேட்டால் வெயில் தடிப்பு என்று சொல்லச் சொன்னான். விருந்து நடந்தது. எதுவும் தெரியாமல் நானும் போய் வயிறு நிறையத் தின்றேன். அய்சிரெக் எங்கே என்று கேட்டதற்குத் தூங்குகிறாள் என்றார்கள். ஓட்டப் பந்தயம் முடிந்த பிள்ளைகள் அந்தப் பின்னறைக்குள் ஓடியாடி விளையாடியதை யாரும் தடுக்கவில்லை.

தடிப்பு மங்கிய பிறகுதான் வினை வந்தது. காலையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த பிள்ளைக்குக் கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. மத்தியானம் மறுபடியும். அதன்பின் எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை. அப்போதும் சதிர்பெக் ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. பயத்தில் பிள்ளையின் இதயம் விழுந்துவிட்டது என்று சொல்லி, பயம் தெளிய ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றுகிற கிழவியைக் கூட்டி வந்தான். மூன்றாவது முறை இழுத்தபோது என் தங்கை யாரையும் கேட்காமல் எனக்குப் போன் செய்தாள். காரை எடுத்துக்கொண்டு போனேன். சதிர்பெக்கும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

நாரின் நகர ஆஸ்பத்திரியில் பிள்ளையின் சடையைப் பிரித்து, தலையெல்லாம் பசை தடவி, ஒயர்களை ஒட்டினார்கள். சதிர்பெக் சிகரெட் பிடிக்க வெளியே போன நேரத்தில்தான் தங்கை தட்டம்மை விஷயத்தை என்னிடம் சொன்னாள். நான் வாயைத் திறந்தால் அந்த வீட்டில் தனக்கு இடமிருக்காது என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சினாரா திரையில் ஓடிய கோடுகளைக் காட்டினார்.

"இந்த வயசுப் பிள்ளைக்கு மூளை அலை இதைவிட வேகமா ஓடணும். இங்க ரெண்டு பக்கமும் மந்தமா, பெருசு பெருசா போகுது பாருங்க. வலிப்பு வந்து ஓய்ஞ்ச கொஞ்ச நாளைக்கு இப்படி இருக்கலாம். வைரஸ் காய்ச்சல் மூளையைத் தொட்டிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். வெறும் கோட்டைப் பாத்து எதுன்னு நான் சொல்ல முடியாது. முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும். காய்ச்சல், தடிப்பு ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றான் சதிர்பெக். "நாய் துரத்துச்சு, பயந்துட்டா. இவ அம்மாவும் இப்படித்தான், கோழி கத்துனாக்கூட நடுங்குவா." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அப்படியானால் வலிப்பு மாத்திரை எழுதித் தருவதாகவும், பிறகு வந்து பார்க்கும்படியும் டாக்டர் சொன்னார். காய்ச்சல் இருந்திருந்தால் கதையே வேறு, இன்றே படுக்கையில் சேர்த்து முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். என் கை தானாக மேசைமேல் போய் ஊன்றியது. நான் பேசுவதற்குள் தங்கை பேசினாள்.

"சதிர்பெக் பொய் சொல்றாரு. பிள்ளைக்குத் தட்டம்மை."

கணவனின் அண்ணன் பெயரை மருமகள் வாயால் சொல்வது எங்களில் கிடையாது. கல்யாணமான நாள் முதல் 'பெரிய வீட்டார்' என்றுதான் அவள் சொல்லி வந்தாள். சதிர்பெக்குக்குத் தட்டம்மை உறைக்கவில்லை, பெயர்தான் உறைத்தது.

"யார் பேரைடி சொல்ற?"

டாக்டர் அவனை வெளியே போகச் சொன்னார். பிறகு தங்கையிடம் விவரமெல்லாம் கேட்டார். விருந்து என்றதும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"விருந்துக்கு எத்தனை பிள்ளைங்க வந்தாங்க?"

தங்கைக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அன்றே அய்சிரெக்கைச் சேர்த்துக்கொண்டார்கள். தட்டம்மைக்குப் பின் மூளையில் வீக்கம் என்று முடிவாகி வைத்தியம் நடந்தது. நான் ஊருக்குத் திரும்பி, விஷயத்தைச் சொல்லி எச்சரிக்கப் பந்தயத்தில் ஓடிய பிள்ளைகளின் வீடுகளில் ஏறி இறங்கினேன். சில வீடுகளில் ஏற்கெனவே சிவப்புத் துணி தொங்கியது. ஒரு தாய் என் முகத்துக்கு நேராகத் துப்பினாள். சதிர்பெக்கின் முகத்தில் விழ வேண்டியதை நான் துடைத்துக்கொண்டேன்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். வலிப்பு நின்றிருக்கிறது. இரண்டாவது பரிசோதனையில் அலைகள் கொஞ்சம் வேகம் பிடித்திருந்தன, ஆனால் வயதுக்குரிய ஓட்டம் இன்னும் வரவில்லை. முன்பு தெரிந்த பாட்டை நடுவில் மறந்து நிற்கிறாள். இது சரியாகுமா என்று கேட்டேன். இலையுதிர் காலத்தில் மறுபடி பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

தாயும் மகளும் இப்போது என் வீட்டில் இருக்கிறார்கள். போன வாரம் சதிர்பெக் வந்தான். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. பெயர் சொன்ன குற்றத்துக்குப் புருல்சா பெரியவர்கள் முன்னால் வந்து குனிந்து வணங்கினால் சேர்த்துக்கொள்வார்களாம். ஊரில் அவன் பெயரை நான் கெடுத்துவிட்டேனாம். எழுந்து அவன் கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போனேன். தங்கை நடுவில் வந்து நின்றாள்.

"அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் வாங்க, சதிர்பெக்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கோடு ஓடுற அந்தத் திரைக்கு முன்னாடி நீங்க முதல்ல குனியுங்க. அப்புறம் நான் குனியறதைப் பத்திப் பேசலாம். இப்ப பிள்ளை தூங்கறா. போறப்ப கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க."

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். உள்ளே பிள்ளை திடுக்கிட்டு அழத் தொடங்கினாள்.