மிஷின் நின்றால் விழிக்கிறவன்

அந்தப் பட்டறையில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகியதில்லை. முன்கூடத்தில் நாலு தையல் மிஷின். காலையில் மோட்டாரைப் போட்டால் சாயங்காலம் வரைக்கும் கடகடவென்று ஓடும். தைப்பது பள்ளிக்கூடப் பை. மூன்று மடிப்புத் துணிக்குள் ஊசி இறங்கும்போதெல்லாம் தரை அதிரும். ஜிப் வேண்டுமென்றால் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள், நூல் வேண்டுமென்றால் முஷ்டியை. விரலுக்கு மசியாத விஷயமென்றால் கத்துவார்கள்.

சின்னவள் ஒன்பதாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அக்கா வாழ்க்கைப்பட்ட இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். பைகளுக்கு வார் தைப்பாள். வாயை மட்டும் திறக்கமாட்டாள். பட்டறையை நடத்துகிற பெரியக்கா, அதாவது அக்காவின் நாத்தனார், அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

மூன்றாவது மிஷின் அக்காவுடையது. வயிறு மேஜையில் இடிக்கிற வரைக்கும் தைத்தாள். இடித்த பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுத் தைத்தாள். பனிக்குடம் உடைந்தபோதுகூட ஒரு பையின் அடிப்பாகம் பாதியில் நின்றது. அக்காவின் கணவர், மாமா, வண்டி பிடிக்க ஓடினார். அக்கா, "இந்த ஓரத்தை முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள்.

"அடியே, அவசரம் உள்ள இருக்கிறவனுக்கு! பைக்கு என்னடி அவசரம்?" என்று பெரியக்கா மோட்டாரை நிறுத்தினாள்.

பையன் சுகமாகப் பிறந்தான். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற பெண் வந்து, பட்டாணி அளவு ரப்பர் முனையை அவன் காதில் செருகிக் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள்.

"இது அனுப்புற சத்தத்துக்கு ரெண்டு காதுலயும் பதில் வரல. உள்ள நீர் தங்கியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஆறு வாரம் கழிச்சுத் தூக்கிட்டு வாங்க, மறுபடி பார்க்கலாம்."

பதில் வரல என்பதற்குப் பிறகு சொன்ன எதையும் அக்கா காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூன்றாவது மிஷின்மேல் ஒரு துணியைப் போர்த்தினாள். "நான்தான் கெடுத்தேன். அத்தனை மாசமும் இந்த இரைச்சலுக்குள்ளயே வெச்சிருந்தேன்" என்றாள். யார் சமாதானம் சொன்னாலும் அதே வார்த்தைதான். அன்றிலிருந்து பெரியக்காவுக்கும் ஊமைக்கோட்டான் என்று கூப்பிட நா எழவில்லை. "அடியே ஊ..." என்று தொடங்கி, பாதியில் விழுங்கிவிடுவாள்.

சின்னவளுக்கு அழுகை வரவில்லை. கேள்விதான் வந்தது. கேட்கிறதா இல்லையா என்பது இந்த உள்ளங்கை அகல மண்டைக்குள் இருக்கிறது. அவனுக்கோ சொல்லத் தெரியாது. வெளியில் இருப்பவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? வாயால் சொல்ல வராதவர்கள் வேறு எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் தெரியும். பார்க்கத் தொடங்கினாள்.

நாலாவது வாரம் பெரியக்கா ஒரு டப்பா மூடியைக் கொண்டுவந்து குழந்தையின் தலைமாட்டில் ஓங்கித் தட்டினாள். அவன் கண்ணைச் சிமிட்டினான்.

"பார்த்தியா! கேக்குது! சிங்கம்டா நீ!"

மாமா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இன்னொரு தட்டு, இன்னொரு சிமிட்டல். வீடே சிரித்தது. எல்லோரும் வேலைக்குத் திரும்பியதும் சின்னவள் அதே இடத்தில் நின்று, சத்தமே இல்லாமல் ஒரு துணியை விசிறினாள். அதற்கும் சிமிட்டினான். முகத்தில் பட்ட காற்றுக்குத்தான் அத்தனை கொண்டாட்டமும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மற்றபடி அவன் கெட்டிக்காரன். ஒரு முழத் தூரத்தில் காட்டினால் பார்ப்பான், தள்ளிப் போனால் விட்டுவிடுவான். கறுப்பு வாரில் வெள்ளை நூல் ஓடுகிற கோட்டை வைத்த கண் வாங்காமல் பார்ப்பான். அதையே காட்டிக்கொண்டிருந்தால் சலித்துப்போய்க் கண்ணைத் திருப்பிக்கொள்வான். கட்டம் போட்ட வேறு வாரைக் காட்டினால் மறுபடி கண் விரியும். பழகியதை விட்டுவிடுகிறான், மாறியதைப் பிடித்துக்கொள்கிறான். பெரிய மனுஷர்களும் அப்படித்தானே என்று சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆறாவது வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மின்சாரம் போனது. ஓடிக்கொண்டிருந்த மூன்று மிஷினும் ஒரே நொடியில் நின்றன. தொட்டிலில் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்த பயல் பட்டென்று கண்ணைத் திறந்தான். உதடு பிதுங்கியது. வீறிட்டான்.

சின்னவளுக்குச் சுரீர் என்றது. பட்டறைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் காலையிலிருந்து ராத்திரி வரை சிணுங்கித் தீர்ப்பான். வயிற்றில் வாயு என்று பெரியக்கா தீர்ப்பு எழுதியிருந்தாள். டப்பா மூடிச் சத்தம் இவனுக்கு என்ன புதுசு? பிறப்பதற்கு முன்பே பழகிய இரைச்சல் இது. இவனுக்குப் புதுசு அது நிற்பதுதான்.

மின்சாரம் வந்து மிஷின்கள் ஓடியதும் அழுகை அடங்கியது. ஆனால் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவளுக்குப் பாதி சந்தோஷம் வடிந்தது. தரை அதிர்கிறது, தொட்டில் காலும் அதிர்கிறது. அவன் கேட்டது சத்தத்தையா, உடம்பில் உணர்ந்தது அதிர்வையா?

சனிக்கிழமை தன் போனில் மிஷின் சத்தத்தைப் பதிவுசெய்துகொண்டாள். ஞாயிறு காலை, வழக்கம்போலச் சிணுங்குகிறவனை அக்கா மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் போனை, அதிர்வு எட்டாதபடி ஒரு தலையணைமேல் வைத்து, அக்காவுக்குப் பின்னால் போய் நின்றாள். சத்தம் எப்போது நிற்கிறது என்று அக்காவுக்குத் தெரியக் கூடாது. பை வாருக்குள் வைக்கிற ஸ்பாஞ்சில் இரண்டு துண்டு கிள்ளி நீட்டினாள்.

"என்னடி இது?"

"காதுல வெச்சுக்கோக்கா. நல்லா அமுக்கி. அது மேல துண்டையும் சுத்திக்கோ. கண்ணை மூடிக்கோ. அவன் குடிக்கிறதை நிறுத்தினா விரலைத் தூக்கு."

"பைத்தியமா உனக்கு?"

"தூக்குக்கா."

இத்தனை வார்த்தையை அவள் ஒரே மூச்சில் பேசியதே அதிசயம் என்பதால் அக்கா செய்தாள். போனில் சத்தம் ஓடியது. சிணுங்கல் குறைந்து பயல் மும்முரமாகக் குடிக்கத் தொடங்கினான். சின்னவள் சத்தத்தை நிறுத்தினாள். நாலு நொடி. அக்காவின் விரல் உயர்ந்தது.

மறுபடி ஓடவிட்டாள். நிறுத்தினாள். விரல். அடுத்த தடவை நிறுத்தியும் விரல் எழவில்லை. அதற்கடுத்த தடவை எழுந்தது. இப்படிப் பத்து தடவை. ஏழுக்கு விரல் எழுந்தது, மூன்று தப்பிப்போயின. இடையிடையே சத்தத்தை ஓடவிட்டபடியே சும்மாவும் நின்று பார்த்தாள். அப்போது அவன் ஒரே ஒரு தடவைதான் குடிப்பதை நிறுத்தினான், அதுவும் ஏப்பத்துக்காக.

அக்கா துண்டை அவிழ்த்து ஸ்பாஞ்சைப் பிடுங்கினாள். "என்ன பண்ணிட்டிருந்தே?"

சின்னவள் போனைக் காட்டினாள். "உன் மிஷின் நின்னா தேடறான்க்கா. அப்படித்தான் தோணுது. மூணு தடவை தப்பிடுச்சு, அதனால சத்தியம் பண்ண முடியல."

அக்கா ஸ்பாஞ்சை மறுபடி காதில் செருகிக்கொண்டாள். "இன்னொரு தடவை போடு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காது பார்க்கிற அறையின் சுவரெல்லாம் மெத்தை மாதிரித் தடித்திருந்தது. கதவைச் சாத்தியதும் வெளி உலகமே அறுந்து போனது. அவ்வளவுதான், பயல் ஊரைக் கூட்டினான். தட்டினார்கள், ஆட்டினார்கள், பால் கொடுத்தார்கள். எதற்கும் அடங்கவில்லை.

"குழந்தை அசையாம இருந்தாத்தான் பதில் பிடிக்கும். அழுதா இந்தக் கருவிக்கு ஒண்ணும் புரியாது. அடுத்த மாசத்துக்குத் தேதி போட்டுத் தரேன்" என்றாள் காது பார்க்கிற பெண்.

இன்னும் ஒரு மாதம். அக்கா துண்டைச் சுருட்டத் தொடங்கினாள். அவள் கையைப் பார்த்த சின்னவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்தாள்.

"இருங்க!"

பட்டறைக் குரல் அது. அந்த மெத்தை அறையில் இடி மாதிரி விழுந்தது. காது பார்க்கிற பெண் நாற்காலியோடு ஒரு சாண் நகர்ந்தாள்.

"அம்மா தாயே, என் காது நல்லாத்தான் இருக்கு. மெதுவாச் சொல்லு."

"இவனுக்கு இந்த அமைதி பிடிக்கலீங்க. சத்தத்துல பொறந்தவன். தூங்க வெச்சுத் தரேன்."

மிஷின் சத்தத்தை ஓடவிட்டாள். அழுகை சிணுங்கலானது, சிணுங்கல் விம்மலானது, கண் செருகியது. அவள் சட்டென்று நிறுத்தவில்லை. ஒவ்வொரு படியாகச் சத்தத்தைக் குறைத்தாள். நடுவில் ஒரு தடவை அவன் புருவத்தைச் சுருக்கினான். ஒரு படி ஏற்றி, காத்திருந்து, மறுபடி குறைத்தாள். கடைசியில் போனில் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. பயல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

ரப்பர் முனை வலது காதுக்குள் போனது. கருவியின் திரையில் சின்னச் சின்னக் கம்பங்கள் எழுந்தன. காது பார்க்கிற பெண் இடது காதுக்கு மாற்றினாள்.

"ரெண்டுலயும் பதில் வருது. அன்னிக்கு நீர்தான் தங்கியிருக்கும்."

அக்கா குழந்தையின் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இப்படிக் குறைச்சுக் குறைச்சுத் தூங்க வைக்க யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள் காது பார்க்கிற பெண். சின்னவளுக்கு வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. தூங்குகிறவனைக் கைகாட்டினாள்.

அவர்கள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டுப் பெரியக்கா, சேதி காதில் விழட்டுமென்று எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லியிருந்தாள். வாசலில் கால் வைத்ததும் தோளில் தூங்கியவன் விழித்து வீறிட்டான். பெரியக்காவின் முகம் செத்துவிட்டது.

"என்னாச்சு? என்ன சொன்னாங்க? ஏன்டி அழறான்?"

அக்கா குழந்தையைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு நேராக மூன்றாவது மிஷினுக்குப் போனாள். துணியை உருவினாள். மோட்டாரைப் போட்டுப் பெடலை மிதித்தாள். அழுகை பாதியில் நின்றது. பயல் ஈர இமையோடு சத்தம் வந்த பக்கம் வெறித்தான்.

பெரியக்கா அவனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"அடியே ஊமைக்கோட்டான்! அவனை இப்படிக் குடுத்துட்டுப் போய் வாரைத் தைடி!"

ஆறு வாரத்துக்குப் பிறகு அந்தப் பெயர் முழுசாக வந்தது.