பதினாறாவது பஃப்

மனைவி இறந்த மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலையில், தராசு மெக்கானிக்கின் ஏழு வயது மகள் எழுபத்து மூன்று கிலோ இருநூறு கிராம் இருந்தாள். சனிக்கிழமை வரை பத்தொன்பது கிலோதான். உடம்பில் மாற்றம் எதுவும் இல்லை. அதே குச்சிக் கை, அதே குச்சிக் கால். சீருடையின் இடுப்புக்கு அப்போதும் ஊக்கு போட வேண்டியிருந்தது. வகுப்பில் அவள் உட்கார்ந்ததும் பெஞ்சு நடுவில் முறிந்தது. பெஞ்சு பழசு, மன்னிக்கவும் என்று ஆசிரியை எழுதி அனுப்பினார். புதன்கிழமை புது பெஞ்சு முறிந்ததும், பிள்ளைக்கு வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதி அனுப்பினார்.

மெக்கானிக் அவளை வீட்டிலிருந்த மேடைத் தராசில் நிறுத்திப் பார்த்தார். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டுத் தராசைத் திட்டவில்லை, தட்டிப் பார்க்கவும் இல்லை. எழுபத்து மூன்று இருநூறில் பத்தொன்பதைக் கழித்தால் ஐம்பத்து நான்கு இருநூறு. அந்த எண் அவருக்குத் தெரியும். கடைகளின் தராசுகளைப் பழுது பார்த்து சரிசெய்வது அவர் தொழில். பெரிய தராசுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சரிபார்க்கும்போது, எடைக்கற்களைப் படியேற்றிக்கொண்டு வருவதற்குப் பதிலாக மனைவியைக் கூப்பிடுவார். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தராசில் ஏறி நிற்பாள். ஒன்பது வருடத்தில் அவள் எடை ஐம்பத்து நான்கு இருநூறைத் தாண்டவும் இல்லை, குறையவும் இல்லை. மகள் வயிற்றில் இருந்த மாதங்களில் மட்டும் அவர் எடைக்கல் சுமக்க வேண்டியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து அவள் விழுந்த அன்று காலையில்கூட ஒரு மாவு மில்லின் தராசு அவள் காலடியில்தான் சரியானது. மகள் மேல் வந்திருப்பது யாருடைய எடை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்குமேல் ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

டாக்டர் படம் எடுத்தார், ரத்தமும் எடுத்துப் பார்த்தார். எலும்பு சரி, ரத்தம் சரி. "எனக்கு ஒண்ணும் புரியலை, அதை ஒத்துக்கறேன். ஆனா முட்டி மட்டும் எனக்குப் புரியுது. ஏழு வயசு முட்டி ஒரு பெரிய ஆளைத் தாங்கறதுக்குன்னு செஞ்சது இல்லை. இந்த வருஷம் முடியறதுக்குள்ள கால் வளைஞ்சுடும்" என்றார். வீடு மூன்றாவது மாடி. லிப்ட் பல வருடமாகப் பழுது. பள்ளி விட்டு வந்தால் மூன்று மாடி ஏறச் சிறுமிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதல் மாடித் தையல்காரர் அவள் உட்காருவதற்கென்று தன் கடை வாசலில் ஓர் இரும்பு ஸ்டூல் போட்டார். மர ஸ்டூல்கள் இரண்டை ஏற்கெனவே பலிகொடுத்திருந்தார். "வாங்க மகாராணி, சிம்மாசனம் ரெடி" என்பார். அவள் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டு மாடி ஏறுவாள்.

கட்டில் உடைந்தபிறகு அவள் தரையில் தூங்கினாள். முன்பெல்லாம் சோபாவில், சாப்பாட்டு மேஜையில், ஒருமுறை குளியலறை வாசலில் என்று எங்கே தூங்கிப்போனாலும் அப்பா தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைப்பார். இப்போது அவரால் முடியவில்லை. ஒருமுறை தூக்கிப் பார்த்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் எங்கே தூங்கினாளோ அங்கேயே போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்தினார்.

விஷயம் மனைவியின் அக்காவுக்குப் போனது. அவள் நான்கு மணி நேர பஸ் பயணம் செய்து வந்து, தங்கை மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, சமையலறைக்குள் போய் எண்ணெய் டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுதான் தம்பி. இதுதான் என் தங்கச்சியைக் கொண்டுபோச்சு. இப்ப பிள்ளையைப் பிடிச்சிருக்கு."

"பிள்ளை ஒல்லியாத்தானே இருக்கா அக்கா."

"எண்ணெய் உள்ளே போய் உட்கார்ந்துக்கிட்டா வெளியே தெரியுமா?"

அவர் டப்பாவை வாங்கி மூடியை இறுக்கி வைத்தார். அந்த மாதங்களில் அவருக்கு எல்லா நாளும் ஒன்றுதான். காலையில் எழுந்தார், தராசுகளைத் திறந்தார், மூடினார், சாதத்தை வாயில் போட்டு விழுங்கினார். எதுவும் ருசிக்கவில்லை, எதுவும் கசக்கவும் இல்லை.

எண்ணெய் என்று அக்கா சொன்னது ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பஃப்பை. மனைவி ஒவ்வொரு ஞாயிறும் வெண்ணெய் சேர்த்து மைதா பிசைந்து, வட்டமாக வெட்டி, ஆப்பிளும் சர்க்கரையும் வைத்து மடித்து, எண்ணெயில் பொரிப்பாள். பதினைந்து வட்டம் வரும். வெட்டியதுபோக மிஞ்சிய மாவுத் துணுக்குகளைத் திரட்டி மறுபடி தேய்த்து, அடிச்சட்டியில் ஒட்டிய ஆப்பிளை வழித்து வைத்து, பதினாறாவதாக ஒன்று செய்வாள். அது கோணலாக இருக்கும், இரண்டு முறை பிசைந்த மாவு என்பதால் முறுக்கிக்கொண்டு ரப்பர் மாதிரியும் இருக்கும். "இது யாருக்கும் ஆகாது, எனக்கு ஆகும்" என்று அதை அடுப்படியில் நின்றபடியே தின்றுவிடுவாள். அவள் போன பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அவள் பிசைந்து உறையவைத்திருந்த மாவை மெக்கானிக் ஃப்ரீஸரில் கண்டெடுத்தார். குழந்தை இரண்டு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடாததால் பொரித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அவள் ஞாயிறுதோறும் அதைக் கேட்டாள், வேறெதையும் கேட்கவில்லை.

அக்கா அடுத்த தடவை வந்தபோது தன் வீட்டு ஓவனை அட்டைப் பெட்டியில் வைத்து மடியிலேயே சுமந்து வந்தாள். "பொரிக்கறதை விட்டுட்டு இதுல சுடுங்க. பிள்ளை எடை இறங்கணும். பரீட்சை லீவு வர்ற வரைக்கும் பார்ப்பேன். இறங்கலைன்னா நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீடு தரைத்தளம், பள்ளிக்கூடம் பக்கத்துச் சுவர். முட்டி போனா பெண் பிள்ளையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"பெரியம்மா வீட்டுல படியே இல்லையாம்ப்பா" என்றாள் மகள். ஆசையாகச் சொன்னாளா பயந்து சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்த ஒரே வழி எடை போடுவது. ஓவன் வந்த முதல் ஞாயிறு ஒரு பஃப் தொண்ணூறு கிராம் இருந்தது. வெண்ணெயைப் பாதியாக்கி, மீதிப் பாதிக்குக் கெட்டித் தயிர் சேர்த்துப் பிசைந்தார். எழுபத்தெட்டு. சர்க்கரையை நிறுத்திவிட்டு, புளிப்பு ஆப்பிளுக்குப் பதில் இனிப்பு ஆப்பிள் வாங்கி, எலுமிச்சையும் பட்டைத்தூளும் போட்டு வதக்கினார். எழுபது. வதக்கிய ஆப்பிளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சாறு வடித்தார். ஐம்பத்தைந்து. மாவை மேஜையின் கீறல்கள் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்தார். மேலே எண்ணெய்க்குப் பதில் பால் தொட்டுத் தடவினார். ஓரங்களை முள்கரண்டியால் அழுத்தி, ஆவி போவதற்குக் கத்தி முனையால் மேலே ஒரு கீறல் போட்டு, இருநூறு டிகிரியில் இருபத்திரண்டு நிமிடம். நாற்பத்தொன்று. முப்பத்தாறு. ஒரு ஞாயிறு, ஆறவைத்த பஃப்கள் ஜன்னல் காற்றில் தட்டிலிருந்து நகர ஆரம்பித்ததால் மேலே ஒரு முள்கரண்டியை வைக்க வேண்டியிருந்தது. தையல்காரருக்கு இரண்டு அனுப்பினார். "காகிதம் மாதிரி இருந்துச்சு சார், ஆனா நல்ல காகிதம்" என்று சொல்லியனுப்பினார் அவர். மகளின் எடை எழுபத்து மூன்று இருநூறு. பரீட்சை நெருங்கும்போது எழுபத்து மூன்று எண்ணூறு. பஃப் பாதிக்கும் கீழே இறங்கியது, பிள்ளை ஒரு கிராம்கூட இறங்கவில்லை. சாயங்காலங்களில் அவளுடைய முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கத் தொடங்கினார்.

விடுமுறையின் முதல் ஞாயிறு அக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். திரும்பிப் போக மதியம் ஒரு மணி பஸ். மெக்கானிக் ஒரு பக்கம் மகளின் பையை அடுக்கினார், இன்னொரு பக்கம் மாவைத் தேய்த்தார். பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. அதைப் பிடித்து இழுத்துவிட்டு வந்தவர், பால் தடவியதும் தட்டை ஓவனுக்குள் தள்ளிவிட்டார். கீறல் போட மறந்துபோனார். இருபத்திரண்டு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது பஃப்கள் பந்துபோல உப்பியிருந்தன. கதவு முழுதாகத் திறப்பதற்குள் அவை ஒவ்வொன்றாகத் தட்டைவிட்டுக் கிளம்பி, அவர் முகத்தைத் தாண்டி மேலே போய், சமையலறைக் கூரையில் முட்டி நின்றன. பதினைந்து. வாசல்படியில் நின்றிருந்த அக்கா அண்ணாந்து பார்த்து எண்ணினாள். "எண்ணெய் ஒரு சொட்டு இல்லைன்னா இப்படித்தான் வரும்" என்றாள் திருப்தியாக.

பதினாறாவது தட்டிலேயே இருந்தது. கோணலாக, உப்பாமல், ஓரம் கருகி. மகள் மேஜைக்கு வந்தாள். கூரையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வழக்கம்போலத் தட்டிலிருந்த அந்த ஒன்றை எடுக்கக் கை நீட்டினாள்.

"நல்லது அத்தனை இருக்கே, இறக்கித் தரேன். அதையே ஏன் எடுக்கறே?" என்றார்.

"அது அம்மாவுது."

"தெரியும்."

"அம்மா இல்லைன்னதும் நீதானே என் தட்டுல வெச்சே. முதல் வாரத்துலேர்ந்தே நான்தான் சாப்பிடறேன்."

"பிடிக்குமா உனக்கு?"

"பிடிக்காது. ரப்பர். நீ வெச்சியேன்னு சாப்பிடறேன்."

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். அந்த முதல் ஞாயிறு பதினைந்தைப் பங்கிட்டபிறகு அந்த ஒன்று மிஞ்சி நின்றது. அவரால் அதைப் பார்க்க முடியவில்லை, எறியவும் முடியவில்லை. கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று மகள் தட்டில் தள்ளினார். மறுநாள் பெஞ்சு முறிந்தது. அப்புறம் பதினெட்டு ஞாயிறு அதையே செய்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

மகள் கையிலிருந்து அதை வாங்கினார். உட்காரவில்லை. அடுப்படியில், மனைவி நிற்கும் இடத்தில் நின்று கடித்தார். ரப்பர்தான். வெகுநேரம் மெல்ல வேண்டியிருந்தது. கருகிய ஓரம் கசந்தது. உள்ளே இருந்த கொஞ்சம் ஆப்பிள் அடிச்சட்டி வாசனையோடு இனித்தது. ஐந்து மாதத்தில் அவருக்குத் தெரிந்த முதல் ருசி அது. "உப்பு போட மறந்துட்டேன்" என்றார். "அவ ஒரு சிட்டிகை போடுவா." மனைவி இறந்தபிறகு அவளைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியமும் அதுதான். கடைசி வாயை விழுங்கும்போது அவருடைய செருப்பின் வார் அறுந்தது. முட்டி இரண்டும் சற்று மடங்கின, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டார். மேஜைப் பக்கம் மகள் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலி பெருமூச்சு விட்டதுபோலச் சத்தமிட்டது.

தொழில் பழக்கத்தில் இருவரையும் தராசில் நிறுத்திப் பார்த்தார். மகள் பத்தொன்பது கிலோ அறுநூறு கிராம். ஐந்து மாத வளர்த்தி. அவருடைய பழைய எடை அறுபத்திரண்டு. முள் நூற்றுப் பதினாறு கிலோ இருநூறில் நின்றது. அக்கா முள்ளைப் பார்த்தாள். தங்கையை அந்தத் தராசில் அவளும் பார்த்திருக்கிறாள். பிறகு பையின் ஜிப்பைப் பிடித்து இழுத்துத் திறந்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

"தூக்கு" என்றாள் மகள்.

தூக்கினார். அவள் அவர் தோளில் தலை சாய்த்து, பட்டப்பகலில், அவர் ஹாலைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். அக்கா துடைப்பக் கட்டையால் கூரையிலிருந்து இரண்டு பஃப்பை இறக்கித் தின்றுவிட்டு ஒரு மணி பஸ்ஸுக்குப் போனாள். ஓவனை விட்டுவிட்டுப் போனாள். மீதிப் பஃப்கள் வியாழக்கிழமை வரை மேலேயே இருந்து, நமத்துப்போய், தானாக இறங்கின.

மகளின் முட்டி அடுத்த மழைக்காலத்துக்குள் சரியானது. மெக்கானிக் ஞாயிறுதோறும் சுடுகிறார். தயிர், பால், கீறல், ஒரு சிட்டிகை உப்பு. பதினாறாவதை அவரே நின்றபடி தின்கிறார். படியேற முன்னைவிட நேரம் ஆகிறது. இரும்பு ஸ்டூல் இப்போது அவருக்கு. "மகாராஜா, உட்காருங்க" என்பார் தையல்காரர். எடைக்கல் இல்லாத இடங்களில் அவரே தராசில் ஏறி நின்று, அறுபத்திரண்டைக் கழித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுகிறார். தப்பியதில்லை.

இரண்டு வருடம் கழித்து லிப்ட் ஓட ஆரம்பித்தது. நான்கு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று உள்ளே எழுதியிருக்கிறது. மெக்கானிக்கும் மகளும் ஏறியபின், கட்டடத்துக்காரர்கள் ஒருவர் மட்டும் ஏறிக்கொள்வார்கள். அடுத்தவர் வெளியே நின்று, "நீங்க போங்க, நான் அப்புறம் வரேன்" என்பார். புதிதாகக் குடிவந்தவர் ஒருவர், மூணு பேர்தானே இருக்கீங்க என்று உள்ளே காலெடுத்து வைத்தபோது, தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தார்.

"நல்லா எண்ணுங்க சார். நாலு."