குன்னத்தூருக்கு முன்னால் நின்ற மோரிஸ்

"மறுபடியும் நின்னுபோச்சா கண்ணு?"

"நின்னுபோச்சுங்கம்மா." ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான் கிருபாசங்கர்.

கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம். கோயமுத்தூரில் கிளம்பும்போதே அப்பா திருமூர்த்தி கறாராகச் சொல்லிவிட்டார்: வழியில் ஒருக்கா நின்றாலும், இந்த ஐம்பத்தஞ்சாம் வருசத்து மோரிஸ் மைனர் கார் நாளைக்கே உக்கடம் பழைய இரும்புக்கடைக்கு. குன்னத்தூரைத் தொடுமுன்பே இருமி இருமி நின்றுவிட்டது.

கிருபாவுக்கு அலுத்துப்போனது. பிளக், பாயிண்டு, காயில், எல்லாம் மாற்றியாயிற்று. கார்புரேட்டரைக் கழுவிக் கழுவித் தின்கிற சோற்றிலும் பெட்ரோல் வாசம். நடுவழியில் நிற்கும், கொஞ்ச நேரம் வெயிலில் காய்ந்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். மெக்கானிக் அப்துல் வஹீதின் ஷெட்டுக்குப் போனாலோ நிற்கவே நிற்காது. "வண்டிக்கு ஒண்ணுமில்லீங் தம்பி, உங்களுக்குத்தான் சீக்கு" என்று சிரிப்பார் அவர்.

"பெட்ரோலாச்சும் ஊத்துனியா, அதுவுமில்லியா?" இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார் திருமூர்த்தி.

பெட்ரோல் முள் செத்துப் பல வருசம். கிருபா வேலியில் குச்சியொன்றை ஒடித்து வந்து டேங்க் மூடியைத் திருகினான். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க். அவனுக்குச் சட்டென்று உறைத்தது. வஹீது பாயும் முதல் வேலையாக மூடியைத் திறந்து குச்சி விட்டுத்தானே பார்ப்பார்!

மூடியின் உள்பக்கம், காற்று போக ஒரு ஊசித்துளை. வெயிலுக்கு நேரே பிடித்தான், வெளிச்சம் வரவில்லை. வெளிப்பக்கம் சந்தனம், அதன்மேல் குங்குமம், அதற்கும்மேல் சந்தனம், கல்லாக இறுகியிருந்தது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் எப்படி வரும்? மூடியைத் திறந்தாலோ, கொஞ்ச நேரம் நின்றாலோ காற்று உள்ளே போய்விடும், வண்டியும் கிளம்பிவிடும்.

"ஏனுங்கம்மா, இதுல பொட்டு வெச்சது நீங்களா?"

"வெள்ளிக்கெழமை தவறாம வெக்கறேன் சாமி. வழியில நிக்கக்கூடாதுன்னுதான்."

கிருபாவுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. அம்மாவிடம் ஊக்கு வாங்கித் துளையைக் குத்தினான். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை இழுத்ததும் கிளம்பியது.

"கொஞ்சம் நின்னாத்தான் எப்பவும் கெளம்புமே" என்றார் திருமூர்த்தி. "பொட்டுதான் காரணம்னா மறுபடி வெச்சு ஓட்டு. கோபி போய்ச் சேர்றதுக்குள்ள நின்னா நம்பறேன், வண்டி உனக்கு. நிக்கலீன்னா உக்கடம்தான்."

இத்தனை நாள் நிற்கக்கூடாதென்று வேண்டியவன், இனி நிற்க வேண்டும் என்று வேண்ட வேண்டும். நின்றால் முகூர்த்தம் தப்பும். அம்மா நாச்சியம்மாள் அதற்குள் கல்யாணத் தட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தை நீட்டிவிட்டாள். கிருபா விரலைத் தோய்த்துக்கொண்டு மூடியைப் பார்த்தபடி நிற்கிறான்.

ஏனுங்க, நீங்களா இருந்தா அந்தப் பொட்டை வெப்பீங்களா, மாட்டீங்களா?