சங்கையா எடுக்காத டோக்கன்

மழைக்கு ஒதுங்கத்தான் முத்துப்பேச்சி அந்த அறைக்குள் நுழைந்தாள். மறுநாள் காலை ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் அவள் கணவர் சங்கையாவுக்கு இருதய ஆபரேஷன். மாற்றுத்துணி எடுக்க மம்சாபுரத்துக்கு வந்தவள், திரும்பிப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.

கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் சேர்ந்து, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அந்த ஒற்றை அறையில் அருங்காட்சியகம் வைத்திருந்தார்கள். சுரங்க விளக்கு, தலைத்தொப்பி, பழைய போட்டோக்கள். சுவரில் ஒரு மரப்பலகை. அதில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டு பக்கம். சுரங்கத்தில் இறங்குகிறவர் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை ‘உள்ளே’ பக்கத்து ஆணியில் மாட்டுவார். மேலே வந்ததும் தன் கையாலேயே எடுத்து ‘வெளியே’ பக்கம் மாட்டுவார். அடுத்தவர் தொடக் கூடாது.

‘உள்ளே’ பக்கத்தில் ஒரே ஒரு டோக்கன் தொங்கியது. சங்கையாவின் எண். முத்துப்பேச்சிக்கு அது மனப்பாடம். பாறை சரிந்து கால் நசுங்கிய அன்று அவரை மேலே தூக்கித்தான் வந்தார்கள். அப்படியே ஊர் திரும்பியவர் டோக்கனை எடுக்கவேயில்லை. அந்தச் சுரங்கத்தையும் சீக்கிரமே மூடிவிட்டார்கள்.

“தம்பி, அவிய இன்னும் உள்ளதான் கெடக்காக. நாளைக்கு நெஞ்சுல கத்தி வைக்கப் போறாக. இதை அந்தப் பக்கம் மாட்டிருதியாய்யா?”

அறையைப் பார்த்துக்கொள்ளும் ராம்குமாரின் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்தான். “நான் தொட்டா உங்களுக்கு மனசு ஆறுமா அத்தை? மாமா கையால எடுக்கணும்” என்றான். பிறகு பலகையையே கழற்றித் தார்ப்பாயில் சுற்றிக் கதவைப் பூட்டினான்.

ராஜபாளையம் பஸ்ஸில் தார்ப்பாய்க்குள் டோக்கன்கள் கலகலத்தன. “அண்ணாச்சி, உள்ள இருக்கிறவுகளுக்கும் டிக்கெட் எடுக்கணுமே” என்றார் கண்டக்டர்.

கட்டிலில் கிடந்த சங்கையா பலகையைப் பார்த்துச் சிரித்தார். “இம்புட்டு வருஷமா நான் உள்ளயா கெடந்தேன்? அப்ப வீட்டுல உங்கிட்ட ஏச்சு வாங்குனது யாருட்டி?”

“பேசாம எடுங்க” என்றாள் அவள்.

அவர் எழுந்து உட்கார்ந்து டோக்கனை எடுத்தார். மறுபக்கத்து ஆணியைத் தடவித் தேடினார். யாரும் உதவிக்குப் போகவில்லை. ‘வெளியே’ பக்கத்து ஆணியில் அது மெல்ல விழுந்தது.

“நீ வீட்டுக்குப் போய்யா” என்று ராம்குமாரிடம் சொன்னாள் முத்துப்பேச்சி.

“அருங்காட்சியகச் சாமானை விட்டுட்டுப் போகக் கூடாது அத்தை” என்று அவன் வராந்தாவிலேயே துண்டை விரித்துவிட்டான்.

மறுநாள் டாக்டர் வெளியே வந்து, “நல்லபடியா முடிஞ்சது, பயமில்ல” என்றார். முத்துப்பேச்சி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆண்டாள் கண் திறந்துவிட்டாள். அதற்கு ஒரு பிள்ளை மழையில் பலகை சுமந்து வந்ததையும் அவள் மறக்கவில்லை. துளசியில் பாதியை அவன் கையில் வைத்தாள்.

“வாய்யா, மொதல்ல சாப்பிடுவோம்” என்றாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவளுக்கு அப்போதுதான் பசித்தது.