சாம்பாரின் எடை

மீந்த சாம்பாரைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்த சமையல்காரர் ரகுபதி, பின்னால் நஸீஹா நிற்பதைக் கண்டதும் குழாயைத் திறந்துவிட்டார். பருப்பும் வெங்காயமும் தண்ணீரோடு சுழன்று இறங்கின. அவள் திரும்பி நடந்தாள்.

புக்கிட் மேரா வட்டாரத்தில் இருந்த அந்தச் சமையற்கூடத்திலிருந்துதான் சிராங்கூன் சாலைக் கல்யாணங்களுக்கும் நகரத்து அலுவலகங்களுக்கும் சாப்பாடு போனது. வேதியியல் படித்த நஸீஹாவுக்கு அங்கே இது மூன்றாவது மாதம். தினமும் வீணாகும் உணவை எடைபோட்டு, நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையில் சேர்ப்பது அவள் வேலை. இரண்டே மாதத்தில் கழிவு பாதியாகியிருந்தது. இயக்குநர் பாராட்டி எழுதியிருந்தார். ஆனால் வாங்கும் அரிசி குறையவில்லை, சாப்பிடுகிறவர்கள் கூடவில்லை. கழிவுநீர்க் குழாய் மட்டும் இந்த மாதம் மூன்று முறை அடைத்துக்கொண்டது. மீதியெல்லாம் எங்கே போகிறது என்று தேடியவளுக்கு இன்று விடை கிடைத்துவிட்டது.

மூன்று மணிக்கு அறிக்கை போயாக வேண்டும். அதில் கையெழுத்திடுபவர் மேலாளர் சாமுண்டீஸ்வரி. நஸீஹாவின் வேலை நிரந்தரமாவதும் அவர் கையில்தான். அதிகம் வீணாக்கிய பிரிவைச் சிவப்பு மையில் எழுதும் பலகையை மாட்டியவரும் அவரே. சிவப்பு விழுந்த பிரிவுக்கு ஞாயிறு ஓய்வு வேறு நாளுக்குப் போய்விடும். ஊரை விட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு ஊர்க்காரர்களைப் பார்க்க ஞாயிறை விட்டால் வேறு நாள் ஏது?

சொல்ல வேண்டியதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு மேலாளர் அறைக்குள் போனாள்.

"மேடம், நம்ம நம்பர் எல்லாம்... பொய்."

சாமுண்டீஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார். "உக்காரு. முழுசா சொல்லு."

சொன்னாள். ஊற்றியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நேரே சமையற்கூடத்துக்குப் போய், ஸ்டூலில் ஏறிப் பலகையைத் தானே கழற்றினார். கரண்டிச் சத்தம் நின்றது.

"இத மாட்டுனது என் தப்பு. ஏன் மிஞ்சுதுன்னு உங்ககிட்ட கேக்கவே இல்ல. இப்ப கேக்குறேன்."

ரகுபதி அடுப்பை அணைத்துவிட்டு முன்னால் வந்தார். "சேல்ஸ்ல நூறு பேருக்கு ஆர்டர் எடுத்துட்டு நூத்தி முப்பதுக்கு ஆக்கச் சொல்றாங்க மேடம். பத்தலைன்னா எங்க தலை உருளும். மிஞ்சுனா போர்டுல பேரு. நாந்தான் ஊத்துனேன். கண்ண மூடிக்கிட்டு ஊத்துனேன்."

"அதான் பாதி தரையில," என்றாள் காய் வெட்டும் ருக்ஸானா. "தொடைக்கிறது யாரு, நான் லா."

சாமுண்டீஸ்வரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே நூறுன்னா நூத்தி அஞ்சு. மேல வேணும்னா சேல்ஸ் என்கிட்ட கையெழுத்து வாங்கட்டும். பத்தாம போனா கஸ்டமர் என்னைத் திட்டட்டும்."

அங்கேயே நின்று இயக்குநரை அழைத்தார். "பாதியாகல சார். ரெண்டு மாச நம்பரும் செல்லாது... நஸீஹா தப்பில்ல, அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. அறிக்கையில என் பேரப் போட்டே எழுதுறேன்." மறுமுனை வெகுநேரம் பேசியது. அவருடைய காது மடல் சிவந்தது. குரல் மட்டும் இறங்கவில்லை. இப்படி நின்று பேசத் தனக்கு எத்தனை வருடம் ஆகுமோ என்று நஸீஹா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்ததும் சாமுண்டீஸ்வரி எடைக்கருவியைத் தூக்கி வந்து தொட்டிக்கு முன்னால் வைத்தார்.

ரகுபதி சாம்பார் மீதமிருந்த அண்டாவை இரு கையாலும் தூக்கி அதன்மேல் இறக்கினார். "படிம்மா."

நஸீஹா குனிந்தாள். பதினெட்டு, இருபத்து மூன்று, இருபது என்று எண்கள் தாவின. உள்ளே சாம்பார் இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது. அது அடங்கட்டும் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள்.