நீபியாவின் முறை

தொலைபேசியில் நர்ஸ் ரத்தப் பரிசோதனை எண்ணைச் சொன்னதும் நீபியா பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். வெள்ளை அணுக்கள் ஆயிரத்து ஐந்நூறைத் தொட வேண்டும். வந்திருப்பதோ ஆயிரத்து நானூற்று இருபது. ஒரு எண்பதுக்காகவா பார்ப்பீர்கள் என்று தக்காளிக்காரியிடம் கேட்பதைப் போலக் கேட்டாள். நர்ஸ் பொறுமைசாலி. அடுத்த பரிசோதனையில் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த எண்பதில் போனது ஒரு சாயங்காலம். மார்பில் வந்த புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய அன்றே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: அடுத்தவர் வாய் வைத்த குழலில் மாத்தே என்ற இலைத் தேநீரைக் குடிக்கக் கூடாது, அணுக்கள் ஆயிரத்து ஐந்நூறைத் தொட்டால் ஒரு சாயங்காலம் மட்டும் குடிக்கலாம். ஊரே ஒரே குழலில் மாத்தே குடிக்கும் மொண்டேவீடியோவில் ஒருத்தியிடம் இப்படிச் சொல்வது, சாப்பிடு, ஆனால் பந்தியில் மட்டும் உட்காராதே என்பது மாதிரி.

முப்பது வருடமாக மால்வின் கடற்கரைச் சுவரில் மூன்று பேர் உட்காருவார்கள்: சூல்மா, மிர்தா, நடுவில் நீபியா. ஒரே பள்ளிக்கூடத்து டீச்சர்கள். ஒரே சுரைக்குடுக்கை, ஒரே வெள்ளிக் குழல். சூல்மா அக்குளில் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு கசப்பு இலையின் மேல் வெந்நீர் ஊற்றித் தருவாள். ஒருத்தி உறிஞ்சி முடித்துத் திருப்பித் தந்ததும் அடுத்தவளுக்கு ஊற்றுவாள். நாலு மாதமாக அந்தக் குடுக்கை நீபியாவின் மடியைத் தாண்டி மிர்தாவிடம் போனது, மடியைத் தாண்டியே திரும்பியும் வந்தது. அவளுக்கென்று சூல்மா தனிக்குடுக்கை ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள். அழகான குடுக்கைதான். நீபியாவுக்கு அதைத் தண்ணீரில் வீசத் தோன்றும்.

அன்று சாயங்காலம் எண்ணைச் சொல்லிவிட்டு உடனே வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் வந்தாள். சொன்னாள். இருவரும் அவள் தோளைத் தடவினார்கள், குளிருமே என்று சால்வையைப் போர்த்திவிட்டார்கள், இன்னும் மூன்று வாரம்தானே என்றார்கள். அப்புறம் குடுக்கை வழக்கம்போல அவள் மடியைத் தாண்டியது. அவளால் பொறுக்க முடியவில்லை.

"தாகத்துக்காடி ஏங்கறேன்? வீட்டுல நாள் பூரா தனியா உறிஞ்சிக்கிட்டுத்தான் கிடக்கேன். என் முறை வரலையே சூல்மா. நான் இங்க இருக்கேனா, இல்லையா?"

சூல்மா பிளாஸ்க்கைத் திறந்தாள். மிர்தா குடித்துத் தந்த குடுக்கையை வாங்கி, வெந்நீர் ஊற்றி, நீபியாவிடம் நீட்டினாள். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா என்று மிர்தா பதறினாள்.

"வாய் வைக்கத்தானே கூடாதுன்னார்? கையில வெச்சிருக்கட்டும். இது அவ முறை" என்றாள் சூல்மா.

நீபியா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மருந்தில் மரத்துப்போன விரல்களிலும் சூடு ஏறியது. இலையின் வாசனை மூக்கைத் தொட்டது. இது போதுமா என்றால் போதாது. குழல் உதட்டுக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது, நாக்கு அந்தக் கசப்புக்குத் தவித்தது. ஆனாலும் கைக்கு வந்துவிட்டதே என்று அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். ஒருவர் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதையும் தாண்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

மிர்தாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அது மைக் இல்லடி, இவ்வளவு நேரம் புடிச்சிக்கிட்டு உக்கார. குடு, அடுத்தது நான்."

குடுக்கையை விடாமல் வைத்திருப்பவர்களை இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான் விரட்டுவார்கள். நோய் வந்த நாளிலிருந்து நீபியாவை யாரும் விரட்டியதே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

"இருடி, இன்னும் முடிக்கல" என்று குடுக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.